மலையைத் தேடிப் போனவர் குளத்தில் எழுந்தார்

மறைவழிகள் – வரலாற்றுத் தொடர் – பகுதி 17

சென்ற வாரம் திருவதிகையில் நிறுத்தினோம். பாடலிபுத்திரத்துச் சமண மடத்தில் தருமசேனர் என்ற பெயரோடு தலைமை நிலையில் இருந்தவர், சூலை நோயின் வலி பொறுக்க முடியாமல் இரவோடு இரவாக அக்கா திலகவதியாரிடம் திரும்பி வந்தார். அக்கா கொடுத்த திருநீற்றைப் பூசிக்கொண்டார். நாவுக்கரசர் ஆனார். பல்லவ மன்னன் ஆணையால் அவரை நீற்றறையில் இட்டார்கள், நஞ்சு கொடுத்தார்கள், யானையை ஏவினார்கள், கல்லில் பிணைத்துக் கடலில் தள்ளினார்கள். எல்லாவற்றிலிருந்தும் மீண்டார். கடைசியில் பல்லவ மன்னனே சைவத்துக்கு வந்தான் என்று பெரியபுராணம் சொல்கிறது. அந்த மன்னன் மகேந்திரவர்மன் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

அந்த மடம் இருந்த பாடலிபுத்திரம் இன்றைய கடலூரின் திருப்பாதிரிப்புலியூர். கி.பி. 458-இல் 'லோகவிபாகம்' என்ற சமண உலகியல் நூல் அந்த ஊரில் எழுதி முடிக்கப்பட்டது என்பதையும் பார்த்தோம். உலகம் எத்தனை அடுக்கு, மலைகள் எங்கெங்கே, கடல்கள் எத்தனை அகலம் என்று கணக்கிட்டுச் சொன்ன நூல் அது.

இந்த வாரம், அந்த ஊர் மடத்தில் பாடம் கேட்ட ஒருவர் முதுமையில் ஒரு மலையைத் தேடிப் புறப்பட்ட கதை.

* * *

காளத்தியில் பிறந்த ஆசை

திருக்காளத்தியில் கண்ணப்பரைக் கும்பிட்டு நிற்கிறார் அப்பர் என்ற நாவுக்கரசர். தென்கயிலை என்று போற்றப்படும் தலம் அது. தென்கயிலையைக் கண்டவருக்கு வடகயிலையைக் காணாமல் இருப்புக் கொள்ளவில்லை. கயிலையில் இறைவன் வீற்றிருக்கும் கோலத்தை இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும்.

சைவ அடியாருக்கு இந்த ஆசை இயல்பு. ஆனால் அப்பர் வெறும் சைவ அடியார் அல்லர். ஆண்டுக்கணக்கில் சமணத் துறவியாக இருந்தவர். சமணருக்கும் அந்த மலை சாதாரண மலை இல்லை.

24 தீர்த்தங்கரர்களில் முதல்வரான ரிஷபநாதர் வீடுபேறு அடைந்த இடம் அட்டாபதம் என்பது சமண மரபு. அந்த அட்டாபதமும் கயிலாயமும் ஒன்றே என்று கொள்கிறார்கள். ரிஷபரின் மகன் பரதன் அங்கே கோயில்கள் எழுப்பினான் என்றும் சமண நூல்கள் சொல்கின்றன.

இராவணன் கயிலையைப் பெயர்த்த கதை நமக்குத் தெரியும். சிவன் கால் விரலை ஊன்றினார், அரக்கன் மலைக்கு அடியில் நசுங்கி அலறினான். இதே கதை சமண இராமாயணங்களிலும் உண்டு. அங்கே மலைமேல் இருப்பவர் சிவன் அல்லர், துறவு பூண்ட வாலி முனிவர். தவத்தில் நின்ற வாலி, பரதன் கட்டிய கோயில்களுக்குக் கேடு வரக் கூடாதே என்று கால் விரலை அழுத்துகிறார். இராவணன் கதறுகிறான். விமலசூரி பிராகிருதத்தில் எழுதிய 'பௌமசரியம்' இதைச் சொல்கிறது. அது அப்பர் காலத்துக்கு முற்பட்ட நூல்.

மலையும் அரக்கனும் விரலும் இரண்டு கதைகளிலும் மாறவில்லை. விரலுக்கு உரியவர் மட்டும் மாறுகிறார்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு தேவாரத்தைத் திறந்தால் ஒரு செய்தி புதிதாகத் தெரியும். அப்பரின் பதிகங்களில் பெரும்பாலானவை கயிலை மலைக்கு அடியில் இராவணன் நசுங்கிய செய்தியோடுதான் முடிகின்றன. ஊர் ஊராகப் போய், பதிகம் பதிகமாக, அந்த விரல் சிவனுடைய விரல் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். எதற்காக இத்தனை முறை என்று உரைகாரர்கள் பல விளக்கம் தருகிறார்கள். செய்த பிழையை உணர்ந்து பாடினால் அரக்கனுக்கும் அருள் உண்டு, சமணத்திலிருந்து திரும்பிய தனக்கும் அருள் உண்டு என்ற ஆறுதல் அது என்பார்கள். அது சரியாக இருக்கலாம். அதோடு, இளமையில் வேறு பெயரோடு கேட்ட கதையைத் தன் நாவால் திரும்பத் திரும்பத் திருத்திச் சொன்ன ஒருவரின் வேகமும் அதில் இருக்கிறது என்றே நான் படிக்கிறேன்.

அப்பர் போக நினைத்த மலை, இரண்டு சமயங்களிலிருந்தும் அவரைக் கூப்பிட்ட மலை.

* * *

காலும் கையும் மார்பும்

கயிலை 6,638 மீட்டர் உயரம். காவிரிக் கரைத் திருவையாற்றிலிருந்து நேர்கோடு போட்டு அளந்தாலே 2,200 கிலோமீட்டருக்குக் குறையாது. இன்றைக்குச் சாலையும் வண்டியும் பிராணவாயுக் குடுவையும் இருந்தும், மலையைச் சுற்றிவரும் 52 கிலோமீட்டர் பாதையில் 5,630 மீட்டர் உயரத்தில் இருக்கும் தோல்மா கணவாயைத் தாண்ட மூச்சு வாங்கிவிடும்.

அப்பர் காலத்தில் அப்படி நெடும்பயணம் போனவர்கள் இல்லாமல் இல்லை. ஏறக்குறைய அதே காலத்தில்தான் சீனத் துறவி யுவான் சுவாங், 629-இல் புறப்பட்டு, பாலையும் பனிமலையும் கடந்து இந்தியாவுக்கு வந்தார். 640-ஐ ஒட்டிக் காஞ்சியைப் பார்த்தார். நூறு அளவில் பௌத்த மடங்கள், 10,000 துறவிகள், எண்பது தேவர் கோயில்கள், சமணரும் ஏராளம் என்று அந்நாட்டைப் பற்றி எழுதிவைத்தார். அவர் வடக்கிலிருந்து நூல்களைத் தேடித் தெற்கே வந்தார். அப்பர் தெற்கிலிருந்து ஒரு காட்சியைத் தேடி வடக்கே போனார்.

பெரியபுராணம் பாடிய சேக்கிழார் வழியைச் சொல்கிறார். காளத்தியிலிருந்து திருப்பருப்பதம் என்ற ஸ்ரீசைலம். தெலுங்கு நாடு, கன்னட நாடு, மாளவம், இலாடம், மத்திய தேசம். பிறகு காசி. காசி வரை அடியார்கள் கூட வந்தார்கள். அங்கே அவர்களை நிறுத்திவிட்டுத் தனியே நடக்கிறார்.

இங்கேதான் கதை மாறுகிறது. காசி வரை அது தலயாத்திரை. காசிக்கு அப்பால் அது வேறு ஏதோ.

காய் கிழங்கு எதையும் உண்ணாமல் இரவு பகலாக நடக்கிறார். பாதம் தேய்ந்தது. கணுக்கால் வரை தேய்ந்தது. கையை ஊன்றித் தாவிப் போனார். கையும் மணிக்கட்டு வரை கரைந்தது. மார்பால் உந்திப் போனார். மார்பின் தசை கிழிந்து எலும்பு முறிந்தது. புரண்டு புரண்டு போனார். உறுப்பெல்லாம் ஓய்ந்தபின் போக வழியில்லாமல் கிடந்தார்.

இதைப் படிக்கும்போது என் மனம் திருவதிகைக்குப் போவதில்லை, அதற்கும் முன்னால் பாடலிபுத்திரத்துக்குப் போகிறது. தலைமுடியைக் கையால் பறித்துக்கொள்வது, வெயிலில் நிற்பது, உணவைச் சுருக்கிச் சுருக்கி உடலை விடுவது. சமணத் துறவியர் பழகிய நோன்புகள் இவை. உடம்பை ஒறுத்து ஒறுத்து உயிரைத் தனியே பிரித்தெடுக்கும் வழி. சேக்கிழார் சைவர். சமணத்தின்மேல் அவருக்கு அன்பு கிடையாது. ஆனாலும் அப்பரின் இந்தப் பெரும்பயணத்தை எழுத உட்கார்ந்தபோது, அவர் கையில் வந்தது உடம்பைத் தேய்த்துத் தீர்க்கும் ஒரு தவத்தின் படம்.

பெரியபுராணத்தில் கயிலைக்குப் போனவர்கள் வேறு சிலரும் உண்டு. காரைக்கால் அம்மையார் இதே காவிரிப் படுகையைச் சேர்ந்தவர். காலால் மிதிக்கக் கூடாத மலை என்று தலையால் நடந்து போனார். அவரை இறைவன் அம்மையே என்று அழைத்து வரவேற்றார். சுந்தரர் வெள்ளை யானையில் போனார், சேரமான் பெருமாள் குதிரையில் பின்தொடர்ந்தார். அவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள்.

அப்பரைத்தான் பாதி வழியில் திருப்பி அனுப்பினார்கள்.

* * *

குளக்கரையில்

ஓய்ந்து கிடந்த இடத்தில் ஒரு குளம் தோன்றுகிறது. அதன் அருகே ஒரு முனிவர் வருகிறார். உடல் முழுக்கத் திருநீறு. இவ்வளவு உடம்பு அழிந்த பிறகும் இந்தக் காட்டில் எதற்காக வந்தீர் என்று கேட்கிறார். கயிலையில் இறைவனைக் காண வந்தேன் என்கிறார் அப்பர். மண்ணில் வாழும் மனிதருக்கு அந்த மலை எட்டாது, திரும்பிப் போவதே நல்லது என்கிறார் முனிவர்.

பெரியபுராணத்தில் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டிய இடங்களில் இது ஒன்று. சோதனை என்று சொல்லி வேகமாகக் கடந்துபோகிறோம். முனிவராக வந்தவர் இறைவன்தான் என்று நமக்குத் தெரியும், அதனால் பயம் இல்லை. அப்பருக்குத் தெரியாது. கையும் காலும் இல்லாமல் கிடக்கும் கிழவரிடம், நீ தேடி வந்தது உனக்குக் கிடைக்காது என்று ஒருவர் சொல்கிறார்.

அப்பர் மறுக்கிறார். கயிலை நாதனைக் காணாமல் இந்த அழியும் உடம்போடு திரும்ப மாட்டேன் என்கிறார். செத்தால் இங்கே சாவது.

முனிவர் மறைகிறார். வானத்திலிருந்து குரல் மட்டும் வருகிறது. எழுந்திரு என்கிறது. தேய்ந்த உறுப்புகள் எல்லாம் திரும்ப வந்துவிடுகின்றன. அழிந்த உடம்பு முழு உடம்பாக எழுந்து நிற்கிறது.

உடம்பை விட்டுவிட்டுக் காட்சிக்குப் போக வந்தவர் அவர். காட்சிக்கு முன்னால் அவருக்குக் கிடைத்தது உடம்பு.

கயிலையில் வீற்றிருக்கும் கோலத்தைக் காண வேண்டும் என்று மறுபடியும் வேண்டுகிறார். அதற்கு வந்த விடைதான் இந்த வாரக் கதையின் திருப்பம். இந்தக் குளத்தில் மூழ்கு. நாம் கயிலையில் இருக்கும் அந்தக் கோலத்தைத் திருவையாற்றில் காண்பாய்.

கயிலைக்கு இவ்வளவு அருகே வந்தவரை, இவ்வளவு தூரம் தெற்கே.

அப்பர் கேள்வி கேட்கவில்லை. ஐந்தெழுத்தை ஓதிக் குளத்தில் மூழ்கினார். எழுந்தபோது அது இமயத்துக் குளம் இல்லை. திருவையாற்றுக் குளம்.

* * *

யானை, கோழி, நாரை

இனி சேக்கிழாரைச் சற்று மூடி வைத்துவிட்டு, அப்பர் தாமே பாடிய பாட்டுக்கு வருவோம். நான்காம் திருமுறையில் மூன்றாவது பதிகம். காந்தாரப் பண். 11 பாட்டு.

ஐயாற்றை நெருங்கும்போது தாம் கண்டது என்ன என்று ஒவ்வொரு பாட்டிலும் சொல்கிறார். முதல் பாட்டில் ஆண் யானை தன் பிடியோடு வருகிறது. இரண்டாவதில் கோழி பெடையோடு. அடுத்து குயில். சேவலும் பேடையும். மயில். அன்றில் இனத்துப் பறவை. காட்டுப்பன்றி. கலைமான். நாரை. கிளி. கடைசிப் பாட்டில் ஓர் எருது தன் இளம் பசுவோடு. இணை இணையாக வருகின்றன. ஒவ்வொரு பாட்டின் முடிவிலும், இறைவன் திருவடியைக் கண்டதாகவும் அதுவரை கண்டிராததைக் கண்டதாகவும் சொல்கிறார்.

கண்டிராதது எது? கோழியா? நாரையா? டெல்டாவில் வயலோரம் நிற்கும் நாரையை அவர் ஆயிரம் முறை பார்த்திருப்பார்.

சைவர் இதற்குச் சொல்லும் பொருள் தெளிவானது. இணையாக வந்தவை எல்லாம் சிவமும் சக்தியுமாகத் தோன்றின. நிற்பது நடப்பது எல்லாம் அம்மையும் அப்பனும். ஐயாறு என்ற ஊரே கயிலையாகத் தெரிந்தது. சேக்கிழாரும் அப்படித்தான் எழுதுகிறார்.

எனக்கு இதில் இன்னொன்றும் தெரிகிறது. சமணத்தில் உயர்ந்த நிலை தனித்த நிலை. துறவி தனியன், வீடுபேறு அடைந்த உயிரும் தனியாகவே ஒளிர்கிறது. அந்த வழியில் வளர்ந்த ஒருவர், முதுமையில் உச்சமான காட்சி என்று பாடியதில் தனித்து நிற்கும் உயிர் ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஜோடி. ஒன்பதாம் பாட்டில், பற்றை அறுக்கும் வல்லமை தமக்கு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறார். பற்றறுப்பதையே வேலையாகக் கொண்டிருந்தவர் சொல்லும் சொல் அது. அதில் வருத்தத்தின் சாயலே இல்லை. பாடிக்கொண்டும் ஆடிக்கொண்டும் வருகிறார்.

இன்னும் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஊருக்கு ஊர் இராவணனை மலைக்கு அடியில் வைத்தவர், இந்தப் பதிகத்தில் அவனை அழைக்கவே இல்லை. கடைசிப் பாட்டில் அரக்கன் வரவேண்டிய இடத்தில் எருதும் பசுவும் வருகின்றன. வாழ்நாள் முழுக்க நடத்திய வழக்கு அந்த ஒரு நாளில் அவருக்குத் தேவைப்படவில்லை.

இரண்டாவது செய்தி இதைவிடப் பெரியது. 11 பாட்டிலும் கயிலாயம் என்ற பெயர் இல்லை. இமயம் போனது இல்லை. கால் தேய்ந்தது இல்லை. குளம் இல்லை.

இருப்பது என்ன? பூவும் நீரும் சுமந்து கோயிலுக்குள் போகும் அடியார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒருவர் போகிறார். நடந்த தடம் எதுவும் பதியாமல் ஐயாற்றை அடைகிறார். ஐந்தாம் பாட்டில், காட்டையும் நாட்டையும் மலையையும் வணங்கி வருவதாக ஒரு குறிப்பு உண்டு. அவ்வளவுதான்.

தடம் பதியாமல் எப்படி ஒருவர் ஊருக்குள் வர முடியும்? இந்த ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டுதான், ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுக்குப் பிறகு, இமயத்தில் மூழ்கி ஐயாற்றில் எழுந்த கதை வளர்ந்திருக்க வேண்டும்.

* * *

நிஷாபூரின் முப்பது பறவைகள்

சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர். அந்த மன்னனின் ஆட்சி 1133 முதல் 1150 வரை. தில்லையில் உட்கார்ந்து பெரியபுராணம் பாடினார். அதே நூற்றாண்டில், 1177-ஐ ஒட்டி, பாரசீகத்தின் நிஷாபூரில் அத்தார் என்ற சூஃபிக் கவிஞர் 'மந்திக் அல்-தைர்' என்ற நெடுங்கவிதையை எழுதினார். பறவைகளின் கதை.

பறவைகள் எல்லாம் கூடித் தங்கள் அரசனைத் தேடிப் புறப்படுகின்றன. அரசன் பெயர் சீமுர்க். இருப்பது உலகின் விளிம்பில் இருக்கும் காஃப் மலையில். கொண்டலாத்தி வழிகாட்டுகிறது. ஏழு பள்ளத்தாக்குகள். வழியிலேயே பெரும்பாலானவை மாண்டுபோகின்றன, திரும்பிவிடுகின்றன. இறகு உதிர்ந்து உடல் ஓய்ந்து முப்பது பறவைகள் போய்ச் சேர்கின்றன. அவற்றையும் வாயிற்காவலன் முதலில் விரட்டப் பார்க்கிறான். பிறகு திரை விலகுகிறது. சீமுர்க்கின் முகத்தில் அந்த முப்பது பறவைகளும் தங்களையே காண்கின்றன.

சேக்கிழார் அத்தாரை அறிந்திருக்க வழியே இல்லை, அவர் முந்தியவர். அத்தார் தமிழ் அறியார். ஆனால் கதையின் எலும்புக்கூடு ஒன்று. எட்டாத மலை, தேய்ந்துபோகும் உடல், வாசலில் ஒரு மறுப்பு, பிறகு எதிர்பாராத இடத்தில் காட்சி.

அடுத்த நூற்றாண்டில் கோன்யாவில் வாழ்ந்த ரூமி இதையே வேறு விதமாகச் சொன்னார். 'மஸ்னவி'யின் ஆறாம் பாகத்தில் ஒரு கதை. பாக்தாத்காரன் ஒருவன் கெய்ரோவில் புதையல் இருப்பதாகக் கனவு கண்டு அங்கே போகிறான். காவலனிடம் அகப்பட்டு அடி வாங்குகிறான். அந்தக் காவலன், இதெல்லாம் ஒரு கனவா, பாக்தாத்தில் இன்ன தெருவில் இன்ன வீட்டில் புதையல் இருப்பதாக நானும் கனவு கண்டேன், போனேனா என்கிறான். அவன் சொன்னது இவனுடைய வீடு. ஐரோப்பிய யூதரின் ஹசிடிய மரபிலும் இதே கதை உண்டு. அங்கே கிராகோவ் நகரத்து ஐசிக் பிராகாவின் பாலத்தடிக்குப் போய், தன் வீட்டு அடுப்புக்கு அடியில் இருக்கும் புதையலைப் பற்றிக் கேட்டுத் திரும்புகிறார். பாக்தாத் கதைக்கும் கிராகோவ் கதைக்கும் உறவு இருக்கக்கூடும். அப்பர் கதைக்கு அப்படி ஓர் உறவைக் காட்ட முடியாது.

எல்லா மறைஞானமும் ஒன்றே என்று இந்த இடத்தில் முடித்துவிடுவது எளிது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் பலர் அப்படி முடித்தும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வேறுபாட்டைப் பாருங்கள். அத்தாரின் பறவைகள் கடைசியில் தங்களைக் காண்கின்றன. ரூமியின் பாக்தாத்காரன் தன் வீட்டுப் பொருளைக் காண்கிறான். அப்பர் தம்மைக் காணவில்லை, தம்முடையது எதையும் காணவில்லை. ஐயாறு அவர் பிறந்த ஊர்கூட இல்லை, அவர் பிறந்தது திருவாமூரில். அவர் கண்டது யாருடையதோ ஒரு கோழி, எங்கோ மேயும் ஒரு பசு, யாரோ சுமந்துபோகும் பூக்குடலை. அவரைப் பற்றிய கவலை சிறிதும் இல்லாமல் தன்பாட்டில் வாழ்ந்துகொண்டிருந்த ஓர் ஊரைக் கண்டார். உலகச் சமயங்களின் உள்வழிக் கதைகளில் இந்த முடிவு அரிது. திருவையாற்றின் தனிச்சொத்து என்று நான் சொல்வேன்.

திபெத்தில் இன்னொரு கதை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கயிலையை அவர்கள் காங் ரின்போச்சே என்கிறார்கள். அங்கே பௌத்தர்கள் மலையை வலமாகச் சுற்றுவார்கள், பழைய போன் சமயத்தார் இடமாகச் சுற்றுவார்கள். மலை யாருக்கு என்று பௌத்த யோகி மிலரேபாவுக்கும் போன் சமயத்து நாரோ போன்சுங்குக்கும் போட்டி வந்தது. யார் முதலில் உச்சியை அடைகிறாரோ அவருக்கு மலை. நாரோ விடியுமுன் தன் மேளத்தின்மேல் ஏறிப் பறந்தார். மிலரேபா அசையாமல் இருந்தார். முதல் கதிர் உச்சியில் பட்ட கணத்தில் அந்தக் கதிரோடு அங்கே இருந்தார். இங்கேயும் நடந்த தடம் கிடையாது.

மிலரேபா வாழ்ந்தது பதினொன்றாம் நூற்றாண்டிலும் பன்னிரண்டின் தொடக்கத்திலும். அந்தப் பதினொன்றாம் நூற்றாண்டில் திருவையாற்றில் என்ன நடந்துகொண்டிருந்தது?

* * *

ஐயாற்றில் இரண்டு கயிலாயங்கள்

தை மாதத்துப் பகுள பஞ்சமிக்குத் தியாகராஜ சுவாமிகள் ஆராதனை என்று திருவையாற்றுக்கு வருகிறவர்கள் பலர். ஆடி அமாவாசைக்கு வந்து பாருங்கள். காவிரியில் புஷ்ய மண்டபத் துறையில் படி தெரியாத கூட்டம். ஈர வேட்டியோடு தர்ப்பணம் கொடுப்பவர்கள், எள்ளும் தண்ணீரும் விரலிடுக்கில் வழிய. ஐயாறப்பர் கோயிலின் தெற்கு வாசலில் ஆட்கொண்டார் சன்னதிக்கு முன் குங்கிலியக் குண்டம் புகைந்துகொண்டே இருக்கும். கையில் வாங்கிய குங்கிலியத்தைப் போட்டதும் ஒரு கணம் கருத்து, பிறகு வெள்ளையாக எழும்பும் புகை கண்ணைக் கரிக்கும். இரவில் அப்பருக்குக் கயிலைக் காட்சி. ஓதுவார்கள் அந்தப் 11 பாட்டையும் பாடுவார்கள். பாட்டைத் தெரிந்த கூட்டம் அது. கிளியும் நாரையும் வரும் இடங்களில் பக்கத்தில் நிற்கும் பாட்டிமார் உதடும் அசையும்.

அதே கோயில் வளாகத்தில் வடக்கே ஒரு கோயில், தெற்கே ஒரு கோயில். வடகயிலாயம், தென்கயிலாயம் என்பார்கள். கயிலைக் காட்சி பார்க்க வரும் கூட்டத்தில் பாதிப் பேர் இந்த இரண்டையும் எட்டிப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். அது எனக்கு ஆற்றாமை.

வடக்கே இருப்பதைக் கட்டியவர் முதலாம் ராஜராஜனின் தேவி தந்திசக்தி விடங்கி என்ற உலோகமாதேவி. தெற்கே இருப்பதைக் கட்டியவர் முதலாம் ராஜேந்திரனின் தேவி பஞ்சவன் மாதேவி. மாமியார் ஒன்று, மருமகள் ஒன்று. கங்கை வரை படை அனுப்பி, கங்கை நீரைக் குடத்தில் கொண்டுவரச் செய்து, சோழகங்கம் என்ற ஏரியில் சேர்த்தான் ராஜேந்திரன். வடக்கே இருந்த புனிதங்களைக் காவிரிக் கரைக்கு வரவழைத்த குடும்பம் அது. கங்கையை மன்னன் கொண்டுவந்தான். கயிலையை அரசியர் கொண்டுவந்தார்களா?

அவர்களுக்கு முன்னோடிகளும் உண்டு. அப்பருக்குச் சில பத்தாண்டுகள் கழித்து, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ராஜசிம்ம பல்லவன் காஞ்சியில் கைலாசநாதர் கோயிலைக் கட்டினான். அதே நூற்றாண்டில் எல்லோராவில் முதலாம் கிருஷ்ணன் ஒரு குன்றையே குடைந்து கைலாசம் ஆக்கினான். மலைக்குப் போக முடியாத மன்னர்கள் மலையைத் தங்கள் நாட்டுக்குள்ளேயே எழுப்பிக்கொண்டார்கள். ஆனால் திருவையாற்றில் எழுந்தவை தனித்து நின்ற கோயில்கள் இல்லை. ஏற்கெனவே ஐயாறப்பர் இருந்த கோயிலின் மதிலுக்குள், அவருக்கு இரண்டு பக்கமும் எழுந்தவை.

இப்போது கால வரிசையை ஒழுங்குபடுத்துங்கள். அப்பர் பாடியது ஏழாம் நூற்றாண்டு. பாட்டில் கயிலை இல்லை. அரசியர் கட்டியது பதினொன்றாம் நூற்றாண்டை ஒட்டி. சேக்கிழார் எழுதியது பன்னிரண்டாம் நூற்றாண்டு. அவர் எழுத்தில் கயிலை வந்துவிட்டது, ஐயாறே கயிலையாகிவிட்டது. இடையில் இருப்பவை இந்த இரண்டு கோயில்கள்.

வடக்கே இருக்கும் கோயிலின் கல்வெட்டுகள் அதை உலோகமாதேவீச்சரம் என்றே அழைக்கின்றன. கட்டிய அரசியின் பெயரால் வழங்கிய கோயில், வடகயிலாயம் ஆனது எப்போது? சேக்கிழார் ஏடு எழுந்த பிறகு அந்தப் பெயர் வந்தது என்றால், திருவையாற்றுக்குக் கயிலையைக் கொடுத்தது தில்லையில் எழுதப்பட்ட புத்தகம். அதற்கு முன்பே ஊர் வாயில் அந்தப் பெயர் இருந்தது என்றால், சேக்கிழாருக்கே கதையைக் கொடுத்தது இந்த ஊர்தான். அப்படியானால், பாட்டில் இல்லாத குளத்தையும் மூழ்கலையும் ஐயாற்று மக்களுக்கு முதலில் சொன்னவர் யார்?

(அடுத்த வாரம்: மதில் சுவரில் இருக்கும் எழுத்துகள்)